வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் ஒரு கேள்வி

தேர்தல் வந்தால் எங்கள் ஒழுங்கைக்கும் வாகனம் வரும். 2025 மே 6ஆம் திகதி நடந்த உள்ளூராட்சித் தேர்தலுக்கு முன்னரும் வந்தன. 2023 மார்ச்சில் நடக்கவிருந்து, பணம் இல்லையென்று தள்ளிப்போன தேர்தல் அது. வந்தவர்கள் காணி, காணாமல் ஆக்கப்பட்டோர், அதிகாரப் பகிர்வு என்று பேசினார்கள். இவை வேண்டாதவை என்று நான் சொல்ல மாட்டேன். என் தம்பியை நான் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் எங்கள் முன்பள்ளிக்கு மலசலகூடம் இல்லை என்பதை அவர்களில் ஒருவரும் அறிந்திருக்கவில்லை.

அங்கேதான் என் பேத்தி படிக்கிறாள். மகள் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறாள். விடிய ஐந்தரைக்கு பஸ். பிள்ளையைக் கொண்டுபோய் விடுவதும் கூட்டிவருவதும் என் வேலை. இருபத்திரண்டு பிள்ளைகள், ஒரு ஆசிரியை, தகரக் கூரை. சித்திரை வெயிலுக்கு உள்ளே இருக்க முடியாது. மரத்தடியில் பாய் விரித்துப் படிப்பிக்கிறா. அவசரத்துக்குப் பக்கத்து வளவுப் பற்றைக்குள் போக வேண்டும். மாரியில் அங்கே பாம்பு. அந்தப் பயத்தில் சில பிள்ளைகள் காலையில் தண்ணீர் குடிக்காமலே வருகிறார்கள். நாலு வயதிலேயே தாகத்தை அடக்கப் பழகுகிறார்கள். 2009இல் மெனிக்பாம் முகாமில், கூடாரத்துக்குள் மண்ணில் விரலால் கணக்குப் போட்டவள் என் மகள். அவளுடைய பிள்ளைக்கு ஒரு சுவராவது கிடைத்திருக்கிறது என்று ஆறுதல்படுவதா?

ஆசிரியையின் கொடுப்பனவைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். கச்சான் பிடுங்கப் போனால் இதைவிடக் கூட உழைக்கலாம் என்று அவவே சிரித்துக்கொண்டு சொல்லுவா.

இலவசக் கல்வி 1945இல் வந்தது. நானும் அதில் படித்தவள். ஆனால் நடைமுறையில் அது தரம் ஒன்றில்தான் தொடங்குகிறது. அதற்கு முந்திய காலம் தாயின் கையில் காசு இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. 2022 நெருக்கடியில் கிளினிக்கில் திரிபோஷா இல்லாமல் போனபோதும் முதலில் மெலிந்தவை இந்தக் குஞ்சுகள்தான்.

யாரிடம் கேட்பது? 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தின்படி முன்பள்ளிகளை மேற்பார்வை செய்வது மாகாண சபை. வடமாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. பிறகு வருடக்கணக்காகத் தேர்தலே இல்லை. பிரதேச சபையில் கேட்டால் மாகாணத்தைக் காட்டுகிறார்கள். மாகாணத்தில் கேட்டால் நிதி இல்லை. இதற்கிடையில் பிள்ளைக்கு ஐந்து வயதாகிவிடுகிறது.

ஆகவே வாக்குக் கேட்டு வருகிற எவரையும் முன்பள்ளிக்குக் கூட்டிப்போவது என்று மாதர் சங்கத்தில் முடிவெடுத்தோம். மூன்று பேர் வந்தார்கள். ஒருவர், "அம்மா, வென்றால் சிறுவர் பூங்கா கட்டித் தருவம்" என்றார்.

"தம்பி, ஊஞ்சலைப் பிறகு பாப்பம். முதல் ஒரு கக்கூஸைக் கட்டித் தாங்கோ" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, கொப்பியில் எழுதிக்கொண்டார். அவர் தோற்றுப்போனார், பாவம்.

இன்னொருவர் பெண். உள்ளூராட்சி சபைகளில் நாலில் ஒரு பங்கு பெண்களுக்கு என்று 2016இல் சட்டம் திருத்தப்பட்டு, 2018 தேர்தலில் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. பெயருக்குப் பெண்களைப் போடுகிறார்கள் என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. இந்தப் பிள்ளை உள்ளே வந்ததும், "கை கழுவிற இடம் எங்கை?" என்று கேட்டா. மற்ற இரண்டு பேருக்கும் அது தோன்றவில்லை. இன்று அவ சபையில் இருக்கிறா.

சகோதரிகளே, உங்கள் ஊரிலும் இப்படியொரு கொட்டில் இருக்கும். வாயால் மட்டும் கேட்காதீர்கள். எத்தனை பிள்ளைகள், கிணறு எவ்வளவு தூரம், மேசன் சொன்ன செலவு எவ்வளவு என்று எழுதிக் கையில் கொடுங்கள். ஒரு பிரதியை நீங்களும் வைத்திருங்கள். சபையின் வரவு செலவுத் திட்டம் வருட இறுதியில் வரும். அதற்கு முதல் எங்கள் கடிதம் இருபத்திரண்டு வீட்டுக் கையெழுத்தோடு போகிறது. இரண்டு அம்மம்மாமார் கைநாட்டு வைத்திருக்கிறார்கள். மாகாண சபைத் தேர்தல் வைக்கிற அன்றைக்கு வாக்குக் கேட்டு வருகிறவர்களுக்கும் மரத்தடியில் பாய் விரித்திருக்கும். அதிலேயே இருந்து பேசட்டும்.