கல்லாவுக்கு இந்தப் பக்கம்

மே 4, ஞாயிறு

திருச்சி தில்லை நகரில் ஒரு காபிக் கடை மாடி. ஓப்பன் மைக். ஆளுக்கு ஐந்து நிமிடம். பதினெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள், அதில் ஏழு பேர் தங்கள் முறைக்காகக் காத்திருந்த காமெடியன்கள். அவர்கள் சிரிக்க மாட்டார்கள். உதடு மட்டும் அசையும், தங்கள் வரியை மனப்பாடம் செய்துகொண்டிருப்பார்கள்.

சென்னை ஓ.எம்.ஆர். டிராஃபிக், ஐ.டி. மேனேஜர், டேட்டிங் ஆப். மூச்சு விடாமல் ஒப்பித்தேன். ஓ.எம்.ஆரை நான் மொத்தம் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன், இரண்டு தடவையும் பஸ்ஸில் தூங்கிக்கொண்டு. முன்வரிசைப் பெண் கவிழ்த்து வைத்திருந்த செல்போனை மூன்றாம் நிமிடத்தில் நிமிர்த்தினார். முடிந்தது.

இறங்கியதும் நடத்தியவர் தோளைத் தட்டி, "நீங்க நீங்களா இருங்க ப்ரோ" என்றார். எந்த நானாக? வீட்டில் அப்பாயி கூப்பிட்டால் ஒரு நான், முதலாளி கூப்பிட்டால் ஒரு நான். ஊர் திரும்பி அய்யம்பேட்டையில் பஸ் நின்றபோது மணி ஒன்று. நாய்கள் மட்டும் என்னை யாரென்று சரியாகக் கண்டுகொண்டு குரைத்தன.

மே 6

'அலெக்ஸ் இன் வொண்டர்லேண்ட்' மறுபடி பார்த்தேன். 2019-இல் அமேசான் பிரைமில் வந்தது. சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டு மேடைக்கு வந்த அலெக்ஸாண்டர் பாபு, சினிமாப் பாட்டுப் பித்துப் பிடித்த ரசிகனாகவே அதில் நிற்கிறார். பழைய பாடகர்களைப் போலப் பாடிக் காட்டும்போது கிண்டல் பாதி, கும்பிடு பாதி. இன்னொரு காமெடியன் பிரவீண் குமார் தன் நிகழ்ச்சிக்கு 'மிஸ்டர் ஃபேமிலி மேன்' என்றே பெயர் வைத்தார். இருவருக்குள்ளும் வேறு ஆட்கள் இல்லாமலா இருப்பார்கள்? இருந்தாலும் மேடைக்கு ஒரே ஆளைத்தான் கூட்டி வருகிறார்கள். மற்றவர்களை வீட்டில் விட்டுவிட்டு வருவதுதான் கஷ்டம் போலிருக்கிறது.

மே 11, ஞாயிறு

நரசிம்ம ஜெயந்தி. மெலட்டூர் பாகவத மேளம். சின்ன வயதில் அப்பா சைக்கிள் முன்கம்பியில் உட்காரவைத்துக் கூட்டிப்போனது. அதற்குப் பிறகு இன்றைக்குத்தான்.

நாடகம் தெலுங்கு. பிரகலாதன் பேசுவது எனக்கு ஒரு சொல் புரியாது. ஆனால் முதலில் வருபவன் கோணங்கி. குல்லாயும் குதியாட்டமுமாக வந்து கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்க்கிறான், சத்தம் அடங்குகிறது. அப்புறம்தான் முகமூடி போட்ட பிள்ளையார், அப்புறம்தான் ராஜா, அசுரன், தூண் பிளப்பது எல்லாம். தெருக்கூத்தில் கட்டியங்காரன், இசை நாடகத்தில் பபூன் எல்லாரும் இந்தச் சாதிதான். கதைக்குள்ளும் இருப்பார்கள், வெளியிலும் இருப்பார்கள். ராஜாவைப் பற்றி நம்மிடம் சொல்வார்கள், நம்மைப் பற்றி ராஜாவிடம் சொல்வார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவருக்கு எண்பது இருக்கும். கோணங்கி போனதும் என்னிடம் திரும்பி, "இவன் வந்து நின்னாத்தான் தம்பி நாம எங்க உக்காந்திருக்கோம்னு நமக்கே தெரியுது" என்றார். வீட்டுக்கு வந்து உடனே எழுதி வைத்துக்கொண்டேன்.

ஜூன் 12

மேட்டூர் திறந்துவிட்டார்கள். தண்ணீர் கல்லணைக்கு வந்து, அங்கே பிரிந்து, எங்கள் வாய்க்காலை எட்ட நாளாகும். நான் வேலை பார்க்கும் உரக்கடைக்கு மட்டும் கூட்டம் அதற்கு முன்னாலேயே வந்துவிடும். எழுத நேரமில்லை.

ஜூலை 9

இன்றைக்கு நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

உரம் வாங்க ஆதார் வேண்டும், பி.ஓ.எஸ். மெஷினில் கட்டைவிரல் வைக்க வேண்டும். ஐம்பது வருஷம் மண்வெட்டி பிடித்த விரலில் ரேகை எங்கே இருக்கிறது? பெரியப்பா முறையாக வேண்டிய ஒருவர் வந்தார். வைத்தார். சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டு வைத்தார். சிவப்பு. தலையில் தேய்த்து எண்ணெய் ஏற்றி வைத்தார். சிவப்பு.

"எடுக்கல பெரியப்பா" என்றேன், நானே அந்த மெஷினைப் பெற்றவன் போலத் தலையைக் குனிந்துகொண்டு.

"எங்கப்பாருக்குக் கையெழுத்து வராது, கைநாட்டு வச்சாரு. அது அசிங்கம்னு என்னையப் படிக்கப் போட்டாரு. நான் அழகா கையெழுத்துப் போடுவேன் தம்பி. இப்ப நீ கைநாட்டுக் கேக்குற, அதுவும் எனக்கு வர மாட்டேங்குது."

வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அதனால் இன்னும் சிரித்தார்கள்.

அப்புறம் மீதிச் சில்லறை. 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. அந்த ஐம்பது காசை நான் எப்படித் தருவது, அவர் எப்படி வாங்குவது? ஒரு புளிப்பு மிட்டாய் எடுத்து நீட்டினேன். எழுபது வயது ஆள் அதை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு மூட்டையைத் தூக்கினார்.

ராத்திரி படுத்தபோது மெலட்டூர்ப் பெரியவர் சொன்னது ஞாபகம் வந்தது. காலை ஒன்பது மணியிலிருந்து நான் நிற்கிற இடம் கோணங்கி நிற்கிற இடம்தான். அந்தப் பக்கம் அரசாங்கம், கம்பெனி, மெஷின். இந்தப் பக்கம் பெரியப்பா. நடுவில் நான், யாருக்கும் அதிகாரியாக இல்லாமல், எல்லாருக்கும் பதில் சொல்லிக்கொண்டு. அங்கே நிற்கும்போது எனக்கு ஒரு குரல் இருக்கிறது: மெதுவாக, கெஞ்சலாக, கெட்ட செய்தியை நல்ல செய்தி மாதிரி சொல்லப் பார்க்கிற குரல். திருச்சியில் நான் அதை ஒளித்து வைத்துக்கொண்டு யாரோ ஒரு சென்னைக்காரனின் வேகத்தில் பேசியிருக்கிறேன்.

ஜூலை 20

அமெரிக்காவில் ராட்னி டேஞ்சர்ஃபீல்டு என்று ஒரு காமெடியன். இளம் வயதில் ஜாக் ராய் என்ற பெயரில் மேடையேறிப் பார்த்து, எடுபடாமல், விட்டுவிட்டு வீட்டுச் சுவருக்கு அலுமினியத் தகடு விற்கப் போனார். நாற்பதை ஒட்டித் திரும்பி வந்தபோது புதுப் பெயர், புது ஆள்: உலகத்தில் யாருமே மதிக்காத ஒருவன். பிறகு கடைசிவரை அந்த ஒரே ஆள்தான். தகடு விற்கப் படியேறிய வீடுகள் அவருக்கு அதைக் கற்றுக் கொடுத்திருக்கும் என்பது என் ஊகம். சேல்ஸில் இருந்தவர்களுக்கு இதில் சந்தேகம் இருக்காது.

ஆடி 18

ஆற்றங்கரையில் காதோலை கருகமணி, சித்ரான்னம், கூட்டம். மாமா வந்திருந்தார். ஊர்க் கதையை அவர் சொன்னால் நாலு தெரு சிரிக்கும். இன்றைக்குத்தான் கவனித்துப் பார்த்தேன். முக்கியமான இடம் வரும்போது அவர் வாயில் வெற்றிலைச் சாறு நிறைந்துவிடும். கையைத் தூக்கி "இரு" என்று சைகை காட்டுவார். எழுந்து போவார். துப்புவார். வாயைத் துடைத்துக்கொண்டு சாவகாசமாக வந்து உட்கார்ந்து, இரண்டே சொல்லில் முடிப்பார். அந்த அரை நிமிடம் ஒருத்தரும் நகர மாட்டார்கள். டைமிங் கற்றுக்கொள்ள நான் ஆன்லைனில் 499 ரூபாய் கட்டியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 17

ஒரு சங்கடம். பெரியப்பாவை மேடையில் சொன்னால் திருச்சிப் பிள்ளைகள் விவசாயியைப் பார்த்துச் சிரிப்பார்களா? அப்படியானால் இந்தத் தொழிலே வேண்டாம்.

டணால் தங்கவேலுவை நினைத்துக்கொண்டேன். காரைக்கால் பக்கத்து மனிதர், நம் காவிரித் தண்ணீர். 'கல்யாணப் பரிசு' 1959-இல் வந்தது. வேலை இல்லாததை மறைத்துப் பெண்டாட்டியிடம் மன்னார் அண்டு கம்பெனி என்று அளப்பார், எழுத்தாளர் பைரவன் நான்தான் என்பார். சிரிப்பு முழுக்க அவர் தலையில்தான் விழும். ஏமாந்த பெண்டாட்டியாக வரும் எம். சரோஜாவைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை.

கலைவாணரும் அப்படித்தான். 'கிந்தனார்' காலட்சேபத்தில் பாகவதரின் தோரணை, ஜால்ரா, இழுப்பு எதையும் குறைக்கவில்லை. நந்தனார் கதையில் நந்தன் இருந்த இடத்தில் படிப்புக்கு ஆசைப்படும் கிந்தனை வைத்தார். பாவப்பட்டவனை விட்டுவிட்டுத் தோரணையைத்தான் கிண்டினார்.

ஆகவே அடி வாங்க வேண்டியவன் மிட்டாய் கொடுத்தவன். பெரியப்பா வரியைப் பெரியப்பா குரலில் சொல்லக் கூடாது. அதைக் கேட்டுத் தலை குனிந்தவன் குரலில் சொல்ல வேண்டும். நோட்டில் மூன்று பக்கங்களை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அதே மாடி. இருபத்திரண்டு பேர். கடைக்குப் போகும் கட்டம் போட்ட சட்டையோடேயே போனேன். மைக்கைப் பிடித்து, "வணக்கம். ஸ்டாக் இல்லை" என்றேன். சிரித்தார்கள். இன்னும் நான் ஆரம்பிக்கவே இல்லை.

கைநாட்டு வரிக்கு முன்னால் கையைத் தூக்கி "இரு" என்று காட்டி நிறுத்தினேன். வாயில் வெற்றிலை இல்லை. மாமா அளவுக்கு இல்லாவிட்டாலும் நாலு நொடி நின்றேன். சிரிப்பு வந்தது, உடனே அடங்கியது. அடங்கியதுதான் எனக்குப் பிடித்தது. கடைசி இரண்டு ஜோக் விழவில்லை. ஒன்று மனைவி ஜோக். எனக்கு மனைவி கிடையாது.

அக்டோபர் 15

சம்பா மேலுரத்துக்குக் கூட்டம். பெரியப்பா வந்தார். திருச்சியில் அவரைப் பற்றிப் பேசினேன் என்று சொன்னேன். "என்னைப் பத்தியா? பணம் குடுத்தாங்களா?" என்றார். இல்லை என்றேன். "பின்ன எதுக்கு அவ்வளவு தூரம் போன, இங்கியே பேச வேண்டியதுதானே" என்றார்.

எட்டாவது தடவையில் ரேகை விழுந்தது. இரண்டு மூட்டை யூரியா, 533 ரூபாய். இரண்டு மூட்டை என்பதால் சில்லறைத் தகராறு இல்லை. மிட்டாய் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.