270 ரூபாய் இடிக்குது!

பி.காம். என்று பெயர்தான். கழித்தல் கணக்கில் நான் கோட்டை விட்ட கதையைக் கேட்டால் சிரிப்பீர்கள். 2012-ல் சென்னையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், 12-ம் தேதி திங்கள் முதல் 17 சனி வரை லீவு. பதினேழில் பன்னிரண்டு போனால் ஐந்து நாள் என்று லெட்டரில் எழுதிக் கொடுத்தேன். “பன்னிரண்டாம் தேதியும் நீ வரலையேப்பா... மொத்தம் ஆறு!” என்று கூடுதலாக ஒரு நாள் சம்பளத்தை வெட்டினார் மேனேஜர். (வெட்டுவதில் மட்டும் எந்த ஆபீஸிலும் கணக்கு தப்பாது!)

அது போகட்டும். அடுத்த மாதமே ஆபீஸின் சில்லறைச் செலவுக் கணக்கு என் தலையில். ஒரு சாயங்காலம் பணத்தை எண்ணினால் 270 ரூபாய் குறைகிறது. நாலு தரம் எண்ணியும் அதே 270. என் சம்பளத்தில்தான் பிடிப்பார்கள். மத்தியானம் சாப்பிடப் போனபோது டிராயரில் சாவியை விட்டுப் போனது ஞாபகம் வந்தது. அப்போது அந்தப் பக்கம் இருந்தவர் அட்டெண்டர் அண்ணன் ஒருத்தர்தான். சொல்லவே வெட்கமாக இருக்கிறது... மேனேஜரிடம் போட்டுக் கொடுக்க எழுந்தே விட்டேன்.

பக்கத்து ஸீட் சீனியர், ரிடையராகப் போகிறவர், நிமிர்ந்தார். “எவ்வளவு இடிக்குது?”

“270 சார்.”

“ஒன்பதால வகு.”

“முப்பது. மீதி இல்லை.”

“அப்ப அநேகமா பணம் எங்கேயும் போகலை. நீதான் நம்பரை மாத்திப் போட்டிருக்கே!”

பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதின் மடங்காகத்தான் வருமாம். 63-ல் 36 போனால் 27. 82-ல் 28 போனால் 54. மூன்று வருடக் காலேஜில் இதை யாரும் சொல்லவில்லை. (சொன்ன அன்று நான் மேட்னி ஷோ போயிருக்கலாம்.)

வவுச்சர்களைப் புரட்டினேன். ஸ்டேஷனரி பில் 5,630. நோட்டில், என் கையெழுத்தில், 5,360!

அந்த நேரம் பார்த்து அட்டெண்டர் அண்ணன் டீயோடு வந்தார். ரெண்டு டீ, பன்னிரண்டு ரூபாய். இருபதை நீட்டினேன். அவர் கழிக்கவே இல்லை. “பன்னெண்டு... பதினஞ்சு... இருபது” என்று மேலே ஏறியபடி மூன்று ஒற்றை ரூபாயும் ஓர் ஐந்து ரூபாய்க் காசும் என் கையில் வைத்தார்.

“சரியா இருக்கா, எண்ணிக்குங்க தம்பி.”

எண்ணாமல் பாக்கெட்டில் போட்டுக் கொண்டேன்.