சொக்கலேற் சந்தையிலே

சொக்கலேற் என்றால் எனக்குச் சிறுவயது முதலே தீராத ஆசை. ஆதலால், 2024ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் பாரிஸ் நகரில் இருந்தபோது, போர்த் த வெர்சாய் மண்டபத்தில் ஆண்டுதோறும் நடைபெறும் சொக்கலேற் கண்காட்சிக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு, விழாக்காணச் செல்லும் சிறுவனைப்போல் உள்ளே நுழைந்தேன்.

வாயிலிலேயே கொக்கோவின் மணம் வரவேற்றது. ஒருபுறம் சொக்கலேற்றினால் அலங்கரித்த ஆடைகள். மறுபுறம் சுவைத்துப் பார்க்கும்படி துண்டுகளை நீட்டும் கைகள். எத்தனை சுவைத்தேன் என்று கணக்கிட்டிலேன்.

ஒரு மூலையில், பிளந்து வைத்திருந்த கொக்கோக் காய் என்னை நிறுத்தியது. மாத்தளையில் உறவினர் தோட்டத்தில் அதன் வெண்ணிறச் சதையைச் சுவைத்த நாட்கள் நினைவுக்கு வந்தன. அச்சதையோடு விதைகளைக் குவித்து, வாழையிலையால் மூடி, ஐந்தாறு நாள் புளிக்கவிட்ட பின்பே வெயிலில் உலர்த்துவர். சொக்கலேற்றின் மணத்துக்கு மூலம் அந்தப் புளிப்பே. ஆம், பாரிஸில் நான் நுகர்ந்த மணம் உழவன் முற்றத்திற் பிறந்தது!

அவ்வாண்டு உலகச் சந்தையில் கொக்கோவின் விலை தொன் ஒன்றுக்கு 10,000 டொலரைக் கடந்தது. உலகக் கொக்கோவிற் பாதிக்குமேல் விளைவிக்கும் ஐவரி கோஸ்ட், கானா நாடுகளிலோ, அரசு முன்னரே விதித்த விலைக்கே உழவர் விற்றனர். ஏற்றத்தின் பெரும்பகுதி அவர்களை எட்டவில்லை.

பிள்ளைகளுக்கென ஒரு கட்டி வாங்கி வந்தேன். பங்கிடுமுன் இக்கதையைச் சொன்னேன். இளையவள் தன் துண்டை நெடுநேரம் கையில் வைத்திருந்தாள்.

"அவர்களுடைய பிள்ளைகளும் இதைத் தின்பார்களா, அப்பா?" என்றாள்.

ஆசிரியனாகிய எனக்கு உடனே விடை கூற இயலவில்லை.