சுமாராக ஆடும் உரிமை

2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. 2021இல் அதே ஆட்டம் பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்பி வந்தபோது, அக்கா மகளும் அவளுடைய தோழிகள் இருவரும் என்னை நான்காவது ஆளாகச் சேர்த்துக்கொண்டார்கள். நூறு பேர் ஒரு தீவில் இறங்குவார்கள். பாதுகாப்பான வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். கடைசிவரை நிற்கும் அணிக்கு வெற்றி. முதலில் செத்தவர்கள், உயிரோடு இருக்கும் தோழியின் ஆட்டத்தைத் திரையில் பார்த்துக்கொண்டிருக்கலாம். அந்தக் கடைசி ஆளாக நிற்கும்போது சுடுவது எதிரி. விரலை மரத்துப்போகச் செய்வதோ நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும் மூன்று ஜோடிக் கண்கள்.

அப்போது உள்ளே ஒரு குரல் கேட்கும்: "உனக்கெதுக்கு இந்த வேலை?" ஸ்கூட்டர் பழகிய நாளிலும் முதல்முறை மேடையேறிய நாளிலும் கேட்ட அதே குரல். நம் குரல்போலவே ஒலிக்கும். ஆனால் நமக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டது. ஒரு பையன் சொதப்பினால் "இன்னிக்கு அவன் சரியில்ல" என்பார்கள். ஒரு பெண் சொதப்பினால் "பொம்பளைங்க ஆடினா இப்படித்தான்." ஒருத்தியின் தோல்வி எல்லாப் பெண்களின் கணக்கிலும் ஏறுகிறது. எங்களில் ஒருத்தி வராத நாளில் முன்பின் தெரியாத ஒருவர் அணிக்குள் வருவார். உடனே எங்கள் மைக் மூன்றும் அணைந்துவிடும்.

நன்றாக ஆடிவிட்டால் சரியாகிவிடுமா? தென்கொரியாவின் கிம் செ-யோன், கெகுரி என்ற பெயரில் ஓவர்வாட்ச் ஆடியவர். 2016இல், 17 வயதில், அவருடைய குறி அவ்வளவு துல்லியமாக இருந்ததால் ஏமாற்றுகிறார் என்றார்கள். கேமரா முன் உட்கார்ந்து ஆடிக்காட்டித் தன்னை நிரூபிக்க வேண்டியிருந்தது. 2018இல் ஷாங்காய் டிராகன்ஸ் அணியில் சேர்ந்து, ஓவர்வாட்ச் லீக்கின் முதல் பெண் ஆட்டக்காரர் ஆனார். மோசமாக ஆடினால் 'பொம்பள', பிரமாதமாக ஆடினால் ஏமாற்றுக்காரி. நடுவில் சுமாராக ஆடிப் பழக நமக்கு இடமில்லை. திறமை வளர்வதோ அந்த நடுவில்தான்.

அந்த இடத்தை நாங்களே உண்டாக்கிக்கொண்டோம். அடிபட்டதும் "சாரி" சொல்வது நால்வருக்குமே பழக்கமாக இருந்தது. ஒருநாள் அக்கா மகள் சொன்னாள்: "சாரி வேண்டாம் சித்தி, ஆள் எந்தப் பக்கம்னு சொல்லுங்க." அது எங்கள் விதியானது. ஆட்டத்தின்போது தகவல் மட்டும், விமர்சனம் முடிந்தபிறகு. அதிலும் "எனக்கு வராது" என்று யாரும் சொல்லக் கூடாது. அது தீர்ப்பு, அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. "வட்டம் சுருங்குமுன் கிளம்பியிருக்கணும்" என்றால் அடுத்த ஆட்டத்தில் முன்னதாகக் கிளம்பலாம். எத்தனை பேரைச் சுட்டோம் என்பதோடு, யார் புகைக்குண்டு வீசினாள், விழுந்தவளை யார் எழுப்பினாள் என்பதையும் கணக்கில் எடுக்கிறோம். துப்பாக்கியின் உதைப்பை அடக்கப் பயிற்சிக்களத்தில் தினம் கால்மணி நேரம். மனம் கசந்தால் ஆட்டத்தை மூடிவிடுகிறோம். கசப்போடு ஆடுவதில் கை தேறுவதில்லை.

நாங்கள் இன்னும் பெரிய ஆட்டக்காரர்கள் ஆகிவிடவில்லை. சில நாள் முதல் பத்துக்குள் வருகிறோம், சில நாள் இறங்கிய இடத்திலேயே முடிந்துவிடுகிறது. ஆனால் இப்போது நான்காவது ஆளாக யார் வந்தாலும் எங்கள் மைக் திறந்தே இருக்கிறது.