அஞ்சாலை மூச்சு விடுகிறது

‘வாயைப் பிளந்து மிரட்டும் கடல் அரக்கன்!’

போன மாதம் ஒரு வீடியோவுக்கு நான் வைத்த தலைப்பு இது. செங்கடலில், பவளப்பாறை இடுக்கிலிருந்து ஆளை விட நீளமான ஒரு விலாங்கு தலையை நீட்டி, வாயைத் திறந்து திறந்து மூடும். உள்ளே ஊசி ஊசியாகப் பற்கள். தலைப்பு யோசிக்க எனக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. வீடியோ பிய்த்துக்கொண்டு ஓடியது.

மறுநாள் தூத்துக்குடியிலிருந்து போன். சங்கு குளிக்கும் அண்ணன் ஒருவர். முன்பு ஒரு செய்திக்காகப் பேசிய பழக்கம்.

“தம்பி, அது அஞ்சாலை. நம்ம பார்லயும் உண்டு. அது எங்க மிரட்டுது? மூச்சுல்ல விடுது!”

சிரித்து மழுப்பி வைத்துவிட்டேன். ஆனால் உறுத்தியது. தேடிப் படித்தால், அவர் சொன்னதுதான் சரி. மற்ற மீன்களுக்கு இருப்பதுபோல அகலமான செவுள் மூடி அஞ்சாலைக்குக் கிடையாது. தலைக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒரு சின்னத் துளைதான். வாயைத் திறந்து மூடித்தான் செவுளுக்குத் தண்ணீரைத் தள்ள வேண்டும்.

பயமுறுத்தியே ஆக வேண்டும் என்றால் அதன் தொண்டையைக் காட்டியிருக்கலாம். அங்கே இன்னொரு தாடை இருக்கிறது. முன்வாய் இரையைக் கவ்வியதும் அது முன்னால் பாய்ந்து வந்து, பிடித்து உள்ளே இழுத்துவிடும். ரீட்டா மேத்தா, பீட்டர் வெயின்ரைட் என்ற இரு ஆய்வாளர்கள் 2007-ல்தான் இதை அதிவேக கேமராவில் பிடித்துக் காட்டினார்கள்.

எனக்குப் பிடித்தது வேறு. அதே செங்கடலில் களவா மீன், அஞ்சாலையின் பொந்துக்கே போய்த் தலையை ஆட்டிக் கூப்பிடுமாம். இரண்டும் சேர்ந்து வேட்டைக்குக் கிளம்பும். இடுக்கில் ஒளிந்தால் அஞ்சாலை பிடிக்கும். வெளியே ஓடினால் களவா. பங்கு பிரிப்பதெல்லாம் இல்லை, பிடித்தவருக்கே சாப்பாடு! 2006-ல் வந்த ஆய்வு இது.

அண்ணனைத் திரும்ப அழைத்தேன்.

“அப்போ கடிக்கவே கடிக்காதாண்ணே?”

“ஏன் கடிக்காது? சிங்கி இறால்னு நெனச்சுப் பொந்துல கையை விட்டேன். கட்டைவிரல்ல தழும்பு இன்னும் இருக்கு. அது வீட்டுக்குள்ள நான்தான தம்பி கையை விட்டேன்?”

அன்று மாலையே தலைப்பை மாற்றினேன்: ‘மூச்சு விடும் அஞ்சாலை’. பக்கத்து சீட் அக்கா எட்டிப் பார்த்து, “பழசே நல்லாத்தான்டா ஓடிச்சு” என்றார். உண்மைதான், அதன் பிறகு வீடியோ நகரவே இல்லை. அண்ணனுக்கு லிங்க் அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் வந்தது.