பட்டிப்பொலவில் ஒரு பேஸ் கிற்றார்

இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையம் பட்டிப்பொல. அவ்வூர்க் குளிரும் மூடுபனியும் மனிதரை மட்டுமல்ல, மரத்தையும் சும்மா விடுவதில்லை. அங்குள்ள நண்பரின் மகன், கொழும்பில் மலிவாக வாங்கிய பேஸ் கிற்றாரைக் காட்டி, "இது சரிவராது மாமா, வேறதான் வாங்கவேணும்" என்றான். மரக்கறி விற்று வாழும் தந்தை வாய் திறக்கவில்லை.

வாங்கிப் பார்த்தேன். தந்திகள் மிக உயர்ந்து நின்றன; விரல் நோகாமல் என்ன செய்யும்? நான்கு தடித்த தந்திகளின் இழுவையைத் தாங்கக் கழுத்தினுள் ஓர் உலோகத் தண்டு உண்டு. ஈரப்பதம் மாறினால் கழுத்தின் வளைவும் மாறும். தண்டின் முனையைச் சாவியால் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பலாகாது; முரட்டுத்தனம் காட்டினால் முறிந்துவிடும். வீணைக்காரர் மெட்டு என்பார்களே, அதில் முதலாவதையும் கடைசியையும் அழுத்தினால், நடுவே ஒரு விசிட்டிங் கார்ட் நுழையும் இடைவெளி போதும். அதன்பிறகே பாலத்திலுள்ள சிறு திருகுகளால் தந்தியைத் தாழ்த்தவேண்டும். பன்னிரண்டாம் மெட்டில் அழுத்திய ஒலி சுருதி ஏறி நின்றால், அத்தந்தியின் தாங்கியைக் கழுத்திலிருந்து சற்றுப் பின்னே நகர்த்தவேண்டும்.

மங்கிய தந்திகளைச் சில நிமிடம் கொதிநீரிலிட்டு, ஈரமின்றித் துடைத்தோம். புரிகளில் அடைந்த வியர்வையும் அழுக்கும் நீங்க, ஒலி தெளிந்தது. நிரந்தரமல்ல, சில வாரங்களுக்குத் தாங்கும். அடிக்குமுன் தப்பை நெருப்பில் காய்ச்சுவோருக்கு ஈரத்தின் குணத்தை நான் சொல்லித்தரவேண்டியதில்லை.

"புதுத் தந்தி அடுத்த மாதம் பார்ப்பம் தம்பி" என்றார் தந்தை. வேறு கிற்றார் பற்றிப் பையன் பேச்செடுக்கவில்லை.