காலிமுகத்திடலில் தங்கும்போது: உங்களுக்கு ஏற்ற அறை எது?

செயலமர்வு, கருத்தரங்கு, கைப்பணிக் கண்காட்சி, காணாமல் ஆக்கப்பட்டோர் தொடர்பான கலந்துரையாடல் என்று பல தேவைகளுக்காக வடக்கு கிழக்கிலிருந்து எமது பெண்கள் கொழும்புக்குச் சென்று வருகின்றனர். முன்பெல்லாம் வெள்ளவத்தையில் உறவினர் வீட்டிலோ லொட்ஜிலோ தங்கி, அலுவலை முடித்துக்கொண்டு இரவு பஸ்ஸில் திரும்பிவிடுவார்கள். இப்போது ஏற்பாட்டாளர்கள் சில வேளைகளில் காலிமுகத்திடலைச் சுற்றியுள்ள பெரிய ஹோட்டல்களிலேயே இடம் ஒழுங்கு செய்கின்றனர்.

அங்கே போய்ச் சேர்ந்ததும் ஒரு சாவி அட்டையைக் கையில் தருவார்கள். எந்த மாடி, எந்தப் பக்கம், யாருடன் என்று எதுவும் கேட்காமல் வாங்கிக்கொண்டு போவதே எமது வழக்கம். "சும்மா தருகிற அறைக்கு என்ன கேள்வி?" என்ற எண்ணமும் உண்டு. ஆனால் தான் பட்ட இழப்புகளைப் பகல் முழுவதும் பலர் முன்னிலையில் எடுத்துச் சொல்லும் ஒரு பெண்ணுக்கு அன்றிரவு நித்திரை மிக அவசியம். அந்த நித்திரை பெரும்பாலும் அறையைப் பொறுத்தே அமைகிறது. ஆகவே அறையைத் தெரிவு செய்வது பற்றிச் சில விடயங்களை இங்கு பார்ப்போம்.

இடத்தை அறிந்துகொள்வோம்

காலிமுகத்திடல் என்பது கொழும்புக் கோட்டைக்குத் தெற்கே கடலோரமாக நீண்டு கிடக்கும் புல்வெளி. ஆங்கிலேயர் காலத்தில் ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் 1856 ஆம் ஆண்டு தொடங்கிய இக்கடற்கரை நடைபாதை 1859 இல் நிறைவு பெற்றது. இதனைக் குறிக்கும் கல்வெட்டு ஒன்று அங்கே இருக்கிறது. கொழும்பிலுள்ள பெண்களினதும் பிள்ளைகளினதும் நன்மைக்காக இந்த இடத்தைப் பேணும்படி தனக்குப் பின் வருபவர்களிடம் அவர் கேட்டுக்கொண்டதாக அக்கல்வெட்டு கூறுகிறது. பெண்கள் இதனை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

தமிழ் மக்களுக்கும் இத்திடலுடன் தொடர்பு உண்டு. 1956 ஜூன் 5 ஆம் திகதி தனிச் சிங்களச் சட்டத்துக்கு எதிராகத் தமிழ்த் தலைவர்கள் சத்தியாக்கிரகம் இருந்து தாக்கப்பட்டது இங்கேதான். 2022 ஆம் ஆண்டுப் போராட்டத்தின்போது மே 18 இல் முள்ளிவாய்க்காலில் இறந்தவர்கள் நினைவுகூரப்பட்டதும் இங்கேதான்.

திடலின் தெற்கு முனையில், கடலை ஒட்டியே, 1864 இல் தொடங்கப்பட்ட காலிமுக ஹோட்டல் இருக்கிறது. வீதிக்கு மறுபுறம், திடலையும் கடலையும் பார்த்தபடி தாஜ் சமுத்ரா. அதற்கு வடக்கே 2017 இல் திறக்கப்பட்ட ஷங்ரிலா. மேலும் வடக்கே, பழைய பாராளுமன்றக் கட்டடத்தைக் கடந்தால் கலதாரி, கிங்ஸ்பரி போன்றவை உள்ளன. எல்லாமே பல மாடிகள் கொண்ட பெரிய கட்டடங்கள்.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தினத்தில் கொழும்பு ஹோட்டல்களிலும் குண்டுத் தாக்குதல்கள் நடந்தன. வாசலில் பைகளைச் சோதித்து, உலோகம் கண்டறியும் கருவிக்குள்ளால் நடக்கச் சொன்னால் பதற வேண்டாம். உடலில் எறிகணைத் துண்டு உள்ளவர்களும் செயற்கைக் கால் அணிந்தவர்களும் கருவி ஒலிக்கும் முன்னரே அதைச் சொல்லிவிடலாம். பெண் உத்தியோகத்தர் சோதிக்க வேண்டும் என்றும் கேட்கலாம்.

கடல் பக்கமா, தரைப் பக்கமா?

கடலோர ஹோட்டல்களில் கடலைப் பார்த்த அறைக்கே விலை கூட. ஆதலால் அதைத் தருபவர்கள் ஒரு பரிசு போலவே தருவார்கள். ஆனால் 2004 டிசம்பர் 26 ஐக் கண்ட பெண்ணுக்கு அது பரிசாகுமா? அன்று இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோனது. முல்லைத்தீவு, மட்டக்களப்பு, அம்பாறை, திருகோணமலைக் கரைகளில் பல குடும்பங்கள் முழுமையாகவே அழிந்தன.

முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்த ஒரு தாய் செயலமர்வொன்றுக்காகக் கொழும்பு வந்திருந்தார். அவரது அறையில் சுவரளவுக்கு யன்னல். திரையை விலக்கினால் கடல். "தங்கச்சி, எனக்கு றோட்டுப் பக்கம் ஒரு அறை எடுத்துத் தாங்கோ. வாகனச் சத்தம் பரவாயில்லை" என்றார். கேட்டதும் மாற்றிக் கொடுத்தார்கள். அதே குழுவில் மட்டக்களப்பிலிருந்து வந்த மீனவக் குடும்பத்துப் பெண்ணோ, "அலைச் சத்தம் கேட்டால்தான் அக்கா எனக்கு நித்திரை வரும்" என்று அந்த அறையைச் சந்தோசமாக எடுத்துக்கொண்டார். இருவருக்கும் நல்லது கிடைத்தது. வாய் திறந்து சொன்னபடியால்தான் கிடைத்தது.

கிழக்குக் கரைப் பெண்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எங்கள் ஊரில் சூரியன் கடலில் உதிக்கிறது. கொழும்பில் கடலில் மறைகிறது. ஆகவே கடல் பக்க அறைகளில் பின்நேர வெயில் நேராக அடிக்கும். தலையிடி உள்ளவர்களும் பகலில் சற்றுப் படுக்க விரும்புபவர்களும் இதை யோசிக்க வேண்டும். மே மாதம் முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும் காலம். அப்போது கடல் கொந்தளிப்பாக இருக்கும். கரையை ஒட்டிய கீழ்மாடி அறைகளில் அலையின் இரைச்சல் இரவு முழுவதும் கேட்கும்.

"கடல் காட்சி" என்று எழுதப்பட்ட அறைகள் எல்லாம் ஒன்றல்ல. சில அறைகளிலிருந்து நேரே கடல் தெரியும். சிலவற்றில் ஓரமாக நின்று எட்டிப் பார்த்தால்தான் தெரியும். கோட்டைப் பக்கமாகக் கடலை நிரப்பி, துறைமுக நகருக்காக 269 ஹெக்டேயர் நிலம் உருவாக்கப்பட்டுள்ளது. ஆகவே திடலின் வடக்கிலுள்ள ஹோட்டல்களின் சில அறைகளில், முன்பு கடல் இருந்த இடத்தில் இன்று நிலமும் கட்டட வேலையுமே தெரிகின்றன. சொந்தப் பணம் கொடுத்துத் தங்குபவர்கள், கூடுதல் கட்டணம் செலுத்த முன்னர் "யன்னலுக்கு நேரே தெரிவது என்ன?" என்று கேட்பது அவசியம்.

சத்தம்

எமது பெண்களைப் பொறுத்தவரை இதுவே மிக முக்கியமானது. கொழும்பின் பெரிய ஹோட்டல்களில் திருமண மண்டபங்கள் உண்டு. வார இறுதி நாட்களில் நள்ளிரவு வரை பாட்டும் மேளமும் கேட்கும். அந்த இடி போன்ற ஒலி சுவர் வழியாக மேல்மாடிக்கும் வரும். டிசம்பர் 31 இரவும் சித்திரைப் புத்தாண்டு நாட்களிலும் வெடியும் வாணவேடிக்கையும் இருக்கும். மற்றவர்களுக்கு அது கொண்டாட்டம். எறிகணைக்குள்ளும் பதுங்குகுழிக்குள்ளும் பிள்ளைகளை வைத்துக் காப்பாற்றிய தாய்க்கு அது வேறொன்று. நித்திரையில் எழுந்து கட்டிலுக்குக் கீழே ஒதுங்குபவர்கள் இருக்கிறார்கள். இது பைத்தியமல்ல, வெட்கப்பட வேண்டிய விடயமும் அல்ல. உடல் தன்னைக் காத்துக்கொள்ளப் பழகிய விதம் அது.

ஆகவே "இன்றிரவு கலியாணம், விருந்து ஏதும் இருக்கிறதா? வெடி கொளுத்துவார்களா?" என்று முன்னரே கேளுங்கள். மண்டபத்துக்கு எதிர்ப்பக்கமாக அறை கேளுங்கள். தெரிந்த நேரத்தில் கேட்கும் வெடி, தெரியாமல் கேட்கும் வெடியைவிடக் குறைவாகவே வருத்தும். மின்தூக்கிக்கு அருகிலுள்ள அறையிலும், பணியாளர்கள் பொருட்கள் வைக்கும் அறைக்குப் பக்கத்திலும் இரவில் நடமாட்டம் இருக்கும் என்பதையும் கவனியுங்கள்.

எந்த மாடி?

உயர்ந்த மாடி அமைதியானது. ஆனால் மின்தூக்கியில் தனியே போகப் பயப்படுபவர்களுக்கும், மூடிய இடத்தில் மூச்சு முட்டுவது போல உணர்பவர்களுக்கும் அது நல்லதல்ல. படியால் இறங்கக்கூடிய இரண்டாம், மூன்றாம் மாடி அவர்களுக்குப் பொருந்தும். தரைமாடி அறையென்றால் யன்னலுக்கு வெளியே ஆட்கள் நடமாடுவார்களா என்று பாருங்கள்.

நடைவழியின் கடைசி அறை அமைதியாக இருக்கும். ஆனால் தனித்து இருக்கும். கூட வந்தவர்களின் அறைகள் பக்கத்திலேயே அமைவதுதான் மனதுக்குத் தெம்பு. எந்த மாடியாயினும் அறைக்குள் போக முன்னர் அவசர வெளியேறும் படி எங்கே இருக்கிறது என்று நடந்து பாருங்கள். அறையிலிருந்து அதுவரை எத்தனை கதவுகள் என்று எண்ணி வையுங்கள். புகை சூழ்ந்தாலும் மின்சாரம் நின்றாலும் அந்த எண்ணிக்கை உதவும். தீ நேரத்தில் மின்தூக்கியைப் பாவிக்கக் கூடாது.

அறைக்குள் பார்க்க வேண்டியவை

கட்டில்: இருவருக்கு ஒரு அறை என்றால் இரண்டு தனிக் கட்டில்களா, ஒரே பெரிய கட்டிலா என்று கேளுங்கள். முன்பின் தெரியாதவருடன் ஒரே கட்டிலில் படுக்க எவரையும் கட்டாயப்படுத்த முடியாது.

கதவு: உள்ளே இரட்டைப் பூட்டோ சங்கிலியோ இருக்கிறதா, வெளியே நிற்பவரைப் பார்க்கும் துவாரம் இருக்கிறதா என்று பாருங்கள். சில அறைகளில் பக்கத்து அறைக்குப் போகும் இடைக்கதவு இருக்கும். அது பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள். மனம் ஒப்பவில்லை என்றால் இடைக்கதவு இல்லாத அறையைக் கேளுங்கள்.

குளியலறை: புதிய ஹோட்டல்கள் சிலவற்றில் குளியலறைச் சுவர் கண்ணாடியால் ஆனது. திரையோ மறைப்போ இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொண்டால் கூட இருப்பவருக்கும் சங்கடமில்லை. குளியல் தொட்டிக்குள் ஏறி இறங்குவது முழங்கால் வருத்தம் உள்ளவர்களுக்கும் கால் இழந்தவர்களுக்கும் ஆபத்தானது. சமதரையில் நின்று அல்லது கதிரையில் இருந்து குளிக்கக்கூடிய அறை கேளுங்கள். சக்கர நாற்காலி நுழையக்கூடிய அறைகளும் பெரிய ஹோட்டல்களில் உண்டு. பொதுமக்கள் பாவிக்கும் கட்டடங்கள் மாற்றுத்திறனாளிகள் அணுகக்கூடியவாறு அமைய வேண்டும் என்று 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் 2006 இல் ஒழுங்குவிதிகள் கொண்டுவரப்பட்டன. ஆகவே இது சலுகையல்ல, உரிமை.

வெளிச்சம்: பல ஹோட்டல்களில் சாவி அட்டையைக் கதவருகே சுவரிலுள்ள பொருத்தியில் செருகினால்தான் விளக்கு எரியும். இது தெரியாமல் இருட்டில் இருந்து விடிய விட்ட பெண்களும் உண்டு. அறையைக் காட்ட வரும் பணியாளரிடம் எல்லாவற்றையும் ஒருமுறை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். இருட்டில் படுக்க முடியாதவர்கள், இரவில் எரியவிடக்கூடிய சிறு விளக்கு எது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எப்படிக் கேட்பது?

முதலில், புறப்பட முன்னரே ஏற்பாட்டாளருக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். காரணம் முழுவதையும் விளக்க வேண்டிய கட்டாயமில்லை. "கடல் பக்கம் வேண்டாம், தாழ்ந்த மாடி வேண்டும், இரண்டு கட்டில் வேண்டும்" என்றாலே போதும். இரண்டாவது, ஹோட்டல் வரவேற்பு மேசையில் உங்கள் அறை இலக்கத்தை உரத்துச் சொல்ல விடாமல் எழுதித் தரச் சொல்லுங்கள். மூன்றாவது, பையைத் திறந்து உடுப்புகளை எடுத்து வைக்க முன்னர் அறையைச் சுற்றிப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் அப்போதே திரும்பிப் போய்ச் சொல்லுங்கள். அறை மாற்றிக் கேட்பது அங்கே நாளாந்தம் நடக்கும் விடயம். சிங்களமோ ஆங்கிலமோ தெரியாவிட்டால் தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

ஏற்பாட்டாளர்களாகிய எம்மைப் போன்றவர்களுக்கும் பொறுப்பு இருக்கிறது. பெயர்ப் பட்டியல் தயாரிக்கும்போதே ஒவ்வொருவரிடமும் இவற்றைக் கேட்டு எழுதிக்கொண்டால் எவரும் வரவேற்பு மேசையில் நின்று தயங்க வேண்டியதில்லை.

2009 இல் வன்னியிலிருந்து வந்த ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் மெனிக் பாம் முதலான முகாம்களில் வைக்கப்பட்டனர். எந்தக் கூடாரம், யாருக்கு அருகில், எந்தப் பக்கம் வாசல் என்று எவரும் அந்தப் பெண்களிடம் கேட்கவில்லை. பின்னர் கிடைத்த வீட்டுத்திட்ட வீட்டின் வரைபடமும் வேறு யாரோ தீர்மானித்ததே. கொடுத்ததை வாங்கிப் பழகிய கைகள் எமது கைகள். "எனக்கு இந்த அறை சரிவராது" என்ற சொல் சிறியதுதான். ஆனால் பலருக்கு அதுவே தன் இருப்பிடம் பற்றித் தானே எடுக்கும் முதல் தீர்மானமாக இருக்கும்.

கடல் பக்க அறை வேண்டாம் என்று சொன்னால் கடலைப் பார்க்கக் கிடைக்காதே என்று கவலைப்பட வேண்டியதும் இல்லை. பின்பக்கத்து அமைதியான அறையில் பையை வைத்துவிட்டு, மாலை ஐந்தரை மணியளவில் உங்கள் தோழியருடன் திடலுக்கு இறங்கி நடவுங்கள். பட்டம் விடும் பிள்ளைகளும் இறால் வடை விற்பவர்களும் அங்கே இருப்பார்கள். சூரியன் மறைவதை மனம் விரும்பும் மட்டும் பார்க்கலாம், போதும் என்றால் திரும்பி வரலாம். அதற்குக் கட்டணம் இல்லை.